சிவப்பணுவின் நடுவில் ஒரு புள்ளி

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட முதல் செய்தி இது: "நாளை ஏழாம் வகுப்பு மாணவர்கள் நுண்ணோக்கியில் செல் பார்ப்பார்கள். அனைவரும் தவறாமல் வரவும்." ஆவடி சேக்காட்டில் இருக்கும் அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. பிள்ளைகளுக்குச் சகலமும் இங்கிலீஷில், பெற்றோருக்கு அனுப்பும் செய்தி மட்டும் தமிழில் என்பது அங்கே விதி. பீஸ் கட்டுகிறவர்களுக்குப் புரிய வேண்டுமல்லவா?

புரிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் குழு கொதித்துவிட்டது. ஒரு அப்பா குரல் பதிவே அனுப்பினார்: "ஊட்லதான் எந்நேரமும் செல்லு பாத்துகினு கீதுன்னு ஸ்கூலுக்கு அனுப்புறோம். அங்கயும் செல்லா?" இன்னொருவர், "என் பையனிடம் செல் இல்லை, பள்ளியில் கொடுப்பீர்களா அல்லது நாங்கள் வாங்க வேண்டுமா?" என்று பணிவாகக் கேட்டிருந்தார். நுண்ணோக்கி என்பது புதிதாக வந்திருக்கும் ஆப் என்று ஒருவர் முடிவே கட்டி, அது சின்னப் பிள்ளைகளுக்கு நல்லதில்லை என்று நான்கு பேரை எச்சரித்தும் விட்டார். செய்தியை முழுதாகப் படித்தவர் அந்தக் குழுவில் ஒருவர்கூட இல்லை.

தாளாளர் என்னைக் கூப்பிட்டார். பள்ளி அவருடையது. அதற்கு முன் அவர் செய்தது மனை வியாபாரம். "செல்லுன்னு போடாதீங்கம்மா. தமிழ்ல அழகா ஒரு வார்த்தை இருக்கும். அதைப் போடுங்க" என்றார். நானும் புத்தகத் தமிழில் திருத்தி, "நாளை மாணவர்கள் உயிரணு பார்ப்பார்கள்" என்று போட்டேன்.

அந்த வார்த்தை எங்கள் பக்கத்தில் வேறு எங்கே கிடைக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். குழந்தையின்மை மருத்துவமனைகளின் சுவர் விளம்பரத்தில் கிடைக்கிறது. டி.வி.யில் லேகியம் விற்கிற வைத்தியர் வாயில் கிடைக்கிறது. இப்போது குழுவில் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பெரியவர் மட்டும், "மிஸ், இது பொண்ணுங்களும் படிக்கிற கிளாஸ்" என்று எழுதினார். அன்று சாயங்காலமே என்னைக் குழுவின் அட்மின் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஊரில் இல்லாத பதவி அது, போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்படியாகப்பட்ட ஊரில்தான் நான் உயிரியல் சொல்லிக்கொடுக்க வந்திருந்தேன்.

நுண்ணோக்கி ஒன்றே ஒன்று இருந்தது. அது ஆய்வகத்தில் இல்லை, ஏனென்றால் ஆய்வகமே இல்லை. அலுவலக அறையின் கண்ணாடி பீரோவில், கேடயங்களுக்கும் தாளாளர் பொன்னாடை போர்த்திக்கொண்ட போட்டோக்களுக்கும் நடுவே அது இருந்தது. அட்மிஷன் மாதத்தில் பெற்றோர் கண்ணில் படும்படி முன்னால் நகர்த்தி வைப்பார்கள். பக்கத்துத் தெருப் பள்ளியில் நுண்ணோக்கி இல்லை என்பதில் தாளாளருக்கு அப்படி ஒரு பெருமை. நம் பள்ளியில் இருந்து என்ன கிழித்தது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

பீரோவின் சாவி மூத்த அறிவியல் டீச்சரின் இடுப்பில் இருக்கும். அவர் பல வருஷமாக அங்கே இருப்பவர். அவருடைய செல் பாடத்தை ஒருநாள் வராந்தாவில் நின்று கேட்டேன். செல் என்பது ஒரு வீடாம். செல்லின் சவ்வு காம்பவுண்ட் சுவராம். நியூக்ளியஸ் வீட்டு ஓனராம். மைட்டோகாண்ட்ரியா ஈ.பி. ஆபீஸாம். இதைப் படித்துவிட்டுப் பரீட்சையில் ஒரு பையன், மைட்டோகாண்ட்ரியாவின் வேலை மாதம் ஒருமுறை கரண்டை நிறுத்துவது என்று எழுதியிருந்தான். அவனுக்கு மார்க் இல்லை. என்னைக் கேட்டால் அந்த வகுப்பில் பாடத்தைக் காதில் வாங்கியவன் அவன் ஒருவன்தான்.

செல் பார்க்கும் நாள் வந்தது. நுண்ணோக்கியை மேஜைமேல் வைத்தார்கள். அதன் தட்டில் ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லு ஒன்று கிளிப் போட்டு மாட்டியபடியே இருந்தது. ஓரத்தில் மஞ்சள் பூத்த காகிதத்தில் 'மனித ரத்தம்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அந்தச் சில்லை எடுக்கவோ நகர்த்தவோ கூடாது. பள்ளியின் சொத்தே அந்த ஒரு சில்லுதான்.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மூத்த டீச்சர் பக்கத்தில் நின்று ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். ஒரு தட்டுக்குக் குனிய வேண்டும், மறு தட்டுக்கு நிமிர்ந்து நகர வேண்டும். கண்ணைக் குழாயில் பொருத்துவதற்குள் நகரச் சொல்லிவிடுவார். "பாத்தாச்சா? பாத்தாச்சா? போய்ப் படம் வரை." பிள்ளைகள் போய்ப் புத்தகத்தைத் திறந்து, அதிலிருக்கும் படத்தைப் பார்த்துச் சிவப்பு வட்டங்களாக வரைந்தார்கள். எல்லோருடையதும் ஒரே மாதிரி, சுத்தமாக, அச்சடித்தாற்போல் இருந்தது. மூத்த டீச்சருக்குத் திருப்தி.

ஒரு பெண் மட்டும் இரண்டாவது தட்டுக்கு நிமிரவில்லை. மூன்றாவது, நான்காவது தட்டுக்கும் நிமிரவில்லை. அண்ணனூர் பக்கமிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற பெண் அவள். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவர். அந்தப் பெண் வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். பேசினால் வாயை மூடமாட்டாள்.

"நடுவுல ஒரு புள்ளி கீது மிஸ்" என்றாள், கண்ணை எடுக்காமல்.

"கீதாவது பாதாவது. நகரு" என்றார் மூத்த டீச்சர்.

"ரவுண்டு ரவுண்டா கீது மிஸ். ஒவ்வொண்ணுத்து நடுவுலயும் ஒரு புள்ளி. நீங்க வந்து பாருங்களேன்."

மூத்த டீச்சர் வந்து பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து நகர்த்தினார், அவ்வளவுதான். அவள் போய் உட்கார்ந்து சிவப்பு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். வகுப்பில் தான் பார்த்ததை வரைந்தது அவள் ஒருத்திதான். மூத்த டீச்சர் அந்தப் படத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மனித ரத்தச் சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் கிடையாது என்று எழுதினார். அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். அவள் டைரியிலும் அம்மாவுக்கு ஒரு வரி எழுதினார்: 'இல்லாதது தெரிகிறது என்கிறாள். கண்ணைப் பரிசோதிக்கவும்.'

அதைப் படித்தபோது எனக்கு வந்தது சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது.

மனிதச் சிவப்பணுவில் நியூக்ளியஸ், அதாவது உட்கரு, இல்லை என்பது உண்மை. முதிர்வதற்குள் அது உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. புத்தகம் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் பொய் சொல்கிற ரகமில்லை. இரண்டும் உண்மையென்றால் அந்தச் சில்லில் இருப்பது சிவப்பணு இல்லை. இதை யோசிக்க எம்.எஸ்சி. வேண்டாம், ஏழாம் வகுப்பே போதும். ஆனால் அந்தக் கட்டடத்தில் யோசிக்கிற வழக்கம் இல்லை.

மூத்த டீச்சர் லீவு போட்ட ஒருநாள் சாவி என் கைக்கு வந்தது. மதிய இடைவேளையில் நுண்ணோக்கியை ஜன்னலோரம் தூக்கிப்போய் வைத்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாக இருந்தன, நல்ல சிவப்பு. ஒவ்வொன்றின் நடுவிலும் புள்ளி இருந்தது. அந்தப் பெண் வரைந்தது வரைந்தபடி. ஆனால் ரத்த அணு அந்த லென்ஸில் இவ்வளவு பெரிதாகத் தெரியாது. சாயம் ஏற்றினாலும் அது வெளிறிய நிறத்தில்தான் இருக்கும். இது நெற்றியில் வைத்துக்கொள்ளலாம் போல அப்படி ஒரு சிவப்பாக இருந்தது.

நெற்றி என்று நினைத்தவுடனே கண்ணைக் குழாயிலிருந்து எடுத்து நுண்ணோக்கியை வெளியிலிருந்து பார்த்தேன். சில்லைப் பிடித்திருந்த கிளிப்பில் மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். கீழே வெளிச்சம் வாங்குகிற கண்ணாடியின் விளிம்பிலும் சந்தனம், அதன்மேல் சிவப்பு.

ஆயுத பூஜை. வருஷா வருஷம் அங்கே வேன் ஸ்டியரிங், தண்ணி மோட்டார், ஜெராக்ஸ் மெஷின், கம்ப்யூட்டர் கீபோர்டு என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஸ்மார்ட் போர்டில் வைத்த பொட்டின் கறை இன்னும் போகவில்லை, வீடியோவில் வருகிற எல்லா விலங்குக்கும் நெற்றியிலோ வயிற்றிலோ அந்தக் கறை இருக்கும். நுண்ணோக்கிக்கு மட்டும் வைக்காமல் விடுவார்களா? எந்த வருஷமோ, எவர் கையிலிருந்தோ உதிர்ந்த குங்குமம் சில்லில் விழுந்திருக்கிறது. உண்மையான ரத்தம் எப்போதோ உதிர்ந்து போயிருக்கும். அன்றிலிருந்து அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ரத்தம் என்று குங்குமத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அலுவலகச் சாமி படத்தின் முன்னால் இருந்த கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை குங்குமம் எடுத்து, நான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு சுத்தமான சில்லில் தூவிப் பார்த்தேன். அதே வட்டங்கள், அதே சிவப்பு, அதே புள்ளி. மலிவுக் குங்குமம், சாயம் போட்ட மாவு. மாவுத் துகளின் நடுவில் அப்படி ஒரு புள்ளி இருக்கும், அதைச் சுற்றித்தான் துகள் வளர்கிறது. சந்தேகமே இருக்கக்கூடாது என்று முதலுதவிப் பெட்டியிலிருந்த அயோடினை அதன்மேல் ஒரு சொட்டு விட்டேன். சிவப்பெல்லாம் கறுத்துப் போனது. மாவில் அயோடின் பட்டால் கறுக்கும் என்பது இதே பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுகிற விடை.

தாளாளரிடம் போய்ச் சொன்னேன். "இத்தனை நாள் ரத்தம்னு சொல்லிக் குங்குமத்தையா காட்டினோம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நல்லதுதானே? ரத்தம் வச்சிருக்கிறதைவிடக் குங்குமம் வச்சிருக்கிறது எவ்வளவோ மேல். அதைத் தொடச்சிடாதீங்கம்மா, கால்ல கீல்ல விழுந்துடப் போகுது" என்றார். அப்புறம் வியாபாரக் குரலுக்கு மாறி, அறிவியல் கண்காட்சி வருகிறது, ஃபிளெக்ஸ் அடித்தாயிற்று, அதில் 'மனித ரத்த அணுக்களை நேரில் காணுங்கள்' என்று போட்டாயிற்று, எதுவானாலும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த ஆளிடம் பேசி முடித்து வெளியே வந்ததும் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டேன். கையில் குங்குமம் இருந்தது என்பது ஒரு காரணம்தான்.

மறுநாள் மூத்த டீச்சரிடமும் சொன்னேன். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அவர் பொங்கினார். "நீ எம்.எஸ்சி.ன்னா நான் என்ன இங்க கழுதை மேய்க்கவா வந்தேன்?"

"அப்படிச் சொல்லலை மேடம். நீங்க ஒருவாட்டியாவது அதுல கண்ணை வச்சுப் பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? எனக்குத்தான் தெரியுமே!"

மற்ற டீச்சர்கள் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். இந்தப் பதிலைவிட நேர்மையான பதிலை நான் அந்தப் பள்ளியில் கேட்டதில்லை. அறிவியலை எதிரில் வைத்துக்கொண்டு, எனக்குத்தான் தெரியுமே என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரிடம் பேச என்ன இருக்கிறது? எனக்கு அவர்மேல் கோபம்கூட மிச்சமில்லை. அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கவலை வந்தது. அவள் தன் கண்ணை நம்புகிற பெண். இந்தக் கூட்டம் அவளிடமிருந்து அதைப் பிடுங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிடுங்க விடக்கூடாது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள்.

அவளோடு அம்மாவும் வந்திருந்தார். கம்பெனியில் பெர்மிஷன் போட்டுவிட்டு, கழுத்தில் ஐ.டி. கார்டோடு வந்து வராந்தாவில் நின்றார். கண்ணாடியை மூத்த டீச்சரிடம் காட்டிவிட்டுப் போக வந்திருக்கிறார், அவர் சொன்னதைச் செய்துவிட்டோம் என்று. மூத்த டீச்சர் வகுப்பில் இருந்ததால் என்னிடம் காட்டினார்.

"ஆவடி மார்க்கெட்டாண்ட கடைல கம்ப்யூட்டர் டெஸ்ட்டு எடுத்தேன் மிஸ். லைட்டா பவர் கீதுன்னான். நல்ல வேள, பெரிய டீச்சர் கண்டுபுடிச்சி எழுதுனாங்க. இல்லாங்காட்டி எனக்கு இன்னா தெரியும்?"

"அவளுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "அவ பாத்தது சரி. அதுல புள்ளி இருக்கு. நானும் பாத்தேன். அது ரத்தமே இல்ல, குங்குமம்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கும் பரிசோதனை தேவைப்படுமோ என்று யோசித்திருக்கலாம். "நீங்க புச்சா வந்தவங்க மிஸ். அவங்க எத்தினி வருசமா கீறாங்க. அவங்க பொய்யா எழுதுவாங்க?" என்றார். கண்ணாடிக் கடைக்காரனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கடைக்குள் போகிற எவனும் பவர் இல்லாமல் வெளியே வந்ததில்லை. ஆனால் அந்த அம்மாவின் விரல் நுனிகள் ஊசி குத்திக் குத்தித் தடித்திருந்தன. அவரிடம் என் ஏளனத்தைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர் பெரிய டீச்சர் எழுதியதை நம்பினார், கம்ப்யூட்டர் சொன்னதை நம்பினார். நம்புவதற்குத்தான் பீஸ் கட்டுகிறார்.

மகளைத் தனியாகக் கூப்பிட்டேன். "நீ பாத்ததுதான் சரி. தப்பு அந்தச் சில்லுல. உன் கண்ணுல இல்ல" என்று சொன்னேன். அயோடின் விட்டுப் பார்த்த கதையையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டாள். முடிந்ததும், "பரவால்ல மிஸ்" என்றாள். விழுந்த பிள்ளை தன்னைத் தூக்கிவிட்டவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அது ஆறுதலாகப் போய்ச் சேர்கிற இடம் அது.

கண்காட்சி நாளுக்கு நுண்ணோக்கி மேஜையில் நின்று விளக்கம் சொல்ல மூத்த டீச்சர் அதே பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். குரல் கணீரென்று இருக்கும் என்பது ஒன்று. "இப்ப திருந்திட்டா" என்பது இன்னொன்று. அவளுக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைத்தார். சரி, இதுவும் நல்லதற்குத்தான் என்று நான் நினைத்தேன். நாள் முழுக்க அந்த நுண்ணோக்கியின் பக்கத்தில் நிற்கப் போகிறாள். யாரும் இல்லாத நேரத்தில் ஒருமுறை குனிந்து பார்க்காமலா இருப்பாள்? பார்த்தால் புள்ளி இருக்கும். அது எங்கேயும் போகாது.

கண்காட்சியில் இருந்தவற்றைச் சொல்லி மாளாது. தெர்மாகோல் செல் மட்டும் ஒரு டஜனுக்கு மேல் இருந்தன. பூந்தமல்லியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் ரெடிமேடாக விற்கிறார்கள். தாவர செல், விலங்கு செல் இரண்டுக்கும் அந்தக் கடைக்காரர் ஒரே அச்சு வைத்திருக்கிறார், பச்சைப் பெயிண்ட் அடித்தால் தாவரம், ரோஸ் அடித்தால் விலங்கு. அதனால் விலங்கு செல்லுக்கும் கெட்டியாக ஒரு சுவர் இருந்தது. சுவர் விலங்கு செல்லுக்கு வராதே என்று ஒரு பையனிடம் கேட்டேன். "காம்பவுண்ட் இல்லாம எப்டி மிஸ்?" என்று திருப்பிக் கேட்டான். மனை வியாபாரி நடத்துகிற பள்ளியில் இதைவிடச் சரியான பதில் கிடையாது.

தலைமை விருந்தினர் கல்வித் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ வேலையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். பிள்ளைகள் வெயிலில் காகிதப் பூவோடு நின்றார்கள். பொன்னாடை, பூச்செண்டு, போட்டோ எல்லாம் முடிந்து நுண்ணோக்கி மேஜைக்கு வந்தார். ஒரு பக்கம் தாளாளர், மறுபக்கம் மூத்த டீச்சர். சுற்றிலும் பெற்றோர், அவர்களில் அந்தப் பெண்ணின் அம்மா முன் வரிசையில். நான் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றேன்.

அவள் கணீரென்று நான்கு வரியையும் சொன்னாள். இவை மனித ரத்தச் சிவப்பணுக்கள், இவற்றுக்கு நியூக்ளியஸ் கிடையாது என்று இங்கிலீஷில். விருந்தினர் குனிந்தார். அவரை ஸ்கேல் தட்டி யாரும் நகர்த்தவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்தார்.

"நடுவுல சின்னதா ஏதோ புள்ளி மாதிரி தெரியுதே?" என்றார்.

மூத்த டீச்சரைப் பார்த்தேன். அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"ஆமா சார், கரெக்ட் சார். அதுதான் சார் நியூக்ளியஸ்."

எவள் படத்தின் குறுக்கே கோடு இழுத்தாரோ, எவள் கண்ணுக்கு மருத்துவம் பார்க்கச் சொன்னாரோ, அவள் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார். தையல்காரம்மாவின் மகள் பார்த்தால் புள்ளி கண் கோளாறு. காரில் வந்தவர் பார்த்தால் அது நியூக்ளியஸ். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

"சார், அது ரத்தமே இல்ல" என்றேன் சத்தமாக. "ஆயுத பூஜைக்கு வச்ச குங்குமம் சார் அது. இந்தப் பொண்ணு அந்தப் புள்ளியை முதல்லயே பாத்துச் சொன்னா. யாரும் கேக்கலை."

தாளாளரின் முகம் சுருங்கியது. விருந்தினர் என்னைப் பார்த்தார், நுண்ணோக்கியைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு பரவசம்.

"குங்குமமா? பரவாயில்லையே! அப்ப குங்குமத்துலயும் செல் இருக்கு!"

சொல்லிவிட்டு இரண்டு விரலால் நுண்ணோக்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாளாளரும் ஒற்றிக்கொண்டார். "ஆமா சார், நம்ம முன்னோர்கள் சும்மாவா வச்சாங்க" என்றார் மூத்த டீச்சர். கைதட்டல் எழுந்தது. படித்த மூடத்தனம் இப்படிக் கும்பலாக நின்று கைதட்டும்போது, அதைப் பார்த்துக் காறித் துப்புவதற்குக்கூட இடம் இருக்காது.

விருந்தினர் நல்ல மனுஷர் என்று பெயரெடுக்க விரும்பினார் போலிருக்கிறது. அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து, "நீதான் முதல்ல பாத்தியாம்மா அந்தப் புள்ளியை?" என்று கேட்டார்.

ஆமா சார் என்று சொன்னால் போதும். எல்லாம் அவள் பக்கம் வந்துவிடும். அம்மா முன் வரிசையில் நிற்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லு, சொல்லு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "இல்ல சார். ஆர்.பி.சி.க்கு நியூக்ளியஸ் கிடையாது. எனக்குத்தான் கண்ணுல பவர் கீது சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் பெருமையாகச் சிரித்தார். மகள் கூட்டத்தில் தைரியமாகப் பதில் சொல்லிவிட்டாள் அல்லவா? அவளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள்.

தாளாளர் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. வருஷ நடுவில் அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காது. கண்காட்சிக்கு அடுத்த வாரம் பூந்தமல்லியில் மீன் தொட்டி விற்கும் கடையில், மீனுக்கு நோய் வந்தால் ஊற்றுகிற நீல மருந்து ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தேன். அது மெத்திலீன் நீலம்தான், செல்லுக்குச் சாயம் ஏற்றுவதும் அதுதான். கண்காட்சிக்கு எடுத்த நுண்ணோக்கி இன்னும் பீரோவுக்குத் திரும்பவில்லை. பள்ளி விட்டதும் அந்தப் பெண்ணை நிறுத்திக்கொண்டேன். பல் குத்தும் குச்சியின் மழுங்கிய பக்கத்தால் அவள் கன்னத்தின் உள்பக்கத்தை அவளையே லேசாக வழிக்கச் சொன்னேன். அதை ஒரு புதுச் சில்லில் தடவி, நீலம் விட்டுக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்துச் சரிசெய்தேன்.

அழகாக வந்திருந்தது. வெளிறிய நீலத்தில் ஓரம் மடங்கிய செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் அடர் நீலமாக ஓர் உட்கரு. இந்த முறை மாவு இல்லை, குங்குமம் இல்லை. அவளுடைய கன்னம், அவளுடைய செல், அவளுடைய புள்ளி. பள்ளியில் வேறு யாருக்கும் காட்டாததை அவளுக்குக் காட்டுகிறேன் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஸ்கேல் இல்லை, வரிசை இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார், கண்ணாடியைக் கழட்டிவிட்டுப் பார் என்றேன். கழட்டினால் அம்மா திட்டும் என்று சொல்லிப் போட்டபடியே குனிந்தாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

பிறகு கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை ஹாலில் கேட்கிற மெல்லிய குரலில் கேட்டாள்:

"இதுல இன்னா தெரியணும் மிஸ்?"